கழுவாத கால்

சத்தியம், சத்தியம், மூன்றாம் தடவையும் சத்தியம். வேத புத்தகத்தின் மேல் கையை வைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன், கோயில் கோபுரத்தில் ஏறி நின்று சொல்லச் சொன்னால் மூட்டுவலியைப் பொறுத்துக்கொண்டு ஏறியும் சொல்வேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால் நாளைக்கு நான் குடிக்கிற கஞ்சியில் உப்பு கரையாமல் கல்லாகவே கிடக்கட்டும். இன்னொருத்தன் மனசுக்குள் ஓடியது உமக்கு எப்படித் தெரியும் என்று குறுக்கே விழாதீர்கள். நாற்பது வருடம் ஒருவன் பக்கத்தில் நின்று உப்பு வாரினவனுக்கு அவன் மூச்சு விடுகிற தினுசிலேயே நினைப்பு தெரிந்துவிடும். மூச்சு கேட்காத இடங்களை நானே இட்டு நிரப்பியிருக்கிறேன். அதுவும் சத்தியம்தான்.

அன்றைக்குப் பெரிய வியாழக்கிழமை, சாயங்காலப் பூசை. சவேரியார்தோப்புக் கோயிலில் பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அவற்றில் ஜனங்களைப் பார்த்தபடி பன்னிரண்டு அப்போஸ்தலர்கள், எல்லோரும் உப்பளத்து ஆட்கள், வெள்ளை வேட்டியும் தோளுக்குக் குறுக்கே சிவப்புப் பட்டையும். ஆண்டவர் கடைசி இராப்போஜனத்தில் சீடர்களின் காலைக் கழுவினார் அல்லவா, அந்த ஞாபகத்துக்கு வருடா வருடம் சாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவித் துடைத்து முத்தம் கொடுப்பார். பன்னிரண்டாவது நாற்காலி, முத்தம் கொடுத்து ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தானே, அந்த யூதாசுடையது. எந்தச் சாமியாரும் அப்படிச் சொன்னதில்லை, எங்கும் எழுதி ஒட்டியதுமில்லை, ஆனால் ஊருக்குத் தெரியும். அதனால் பவனி உள்ளே நுழைந்ததும் அப்போஸ்தலர்களின் நடை கொஞ்சம் ஓட்டமாகிவிடும். தொபியாஸ் அந்த வம்பே வேண்டாமென்று அரைமணி நேரம் முந்தியே வந்து முதல் நாற்காலியில், சீடர்களுக்குத் தலைவரான இராயப்பர் இடத்தில், பஸ்ஸில் போடுகிற மாதிரித் துண்டு போட்டு வைத்துவிட்டான். நடையில் பிந்தினவன் கயத்தான், நாற்பது வருடம் என் பக்கத்தில் உப்பு வாரினவன். கடைசி நாற்காலிதான் மிச்சம் இருந்தது, உட்கார்ந்தான். பக்கத்திலிருந்தவன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, “மாமா, சாமியாருக்கு முத்தம் கித்தம் குடுத்துராதிரும்,” என்றான். கயத்தான் சிரித்தான். சிரிக்க அவனுக்குக் காரணம் இருந்தது. யூதாசாகட்டும், கடைசியாகட்டும், கழுவப்போவது இடது கால். இடது கால் சுத்தமாக இருந்தது. நாலு நாளாகப் பிரகாசி, அவன் பெண்டாட்டி, தேங்காய்நாரையும் செங்கல்பொடியையும் வைத்து அண்டா விளக்குகிறது போல விளக்கி, புளி தேய்த்து, கடைசியில் அவள் தலைக்குப் போடுகிற வாசனைச் சோப்பையும் போட்டு, அறுபத்தொரு வயசில் முதல் தடவையாக அந்தக் காலுக்கு மனுஷத் தோல் உண்டு என்று கண்டுபிடித்திருந்தாள். அந்தக் காலை வேட்டிக்கு வெளியே கொஞ்சம் நீட்டினாற்போல வைத்திருந்தான். இன்னொன்று வேட்டிக்கு உள்ளே, நாற்காலிக்கு அடியில், இழுத்து மறைத்து, இல்லாத கால் மாதிரி.

பெனிட்டோ சாமி மேலுடுப்பைக் கழற்றி மடித்து வைத்தார். குருப்பட்டம் பெற்று இரண்டே வருடமான சாமி, ஒல்லி, உட்கார்ந்து எழுந்தால் முட்டியில் சொடக்கு விழும். இடுப்பில் வெள்ளைத் துவாலையைக் கட்டிக்கொண்டு தொபியாஸ் முன்னால் முழங்கால் போட்டார், பாத்திரத்தைத் தரையில் தள்ளினார், ஞானாதிக்கம் உபதேசியார் தண்ணீர்ச் செம்போடு குனிந்தார், பாட்டுக்காரப் பெண்கள் பாட்டெடுத்தார்கள். தொபியாஸ் இடது காலைப் பட்டத்து யானை தூக்குகிற மாதிரித் தூக்கி நீட்டினான். சாமியார் அந்தக் காலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு மற்றதைத் தட்டினார். தொபியாஸ் குனிந்து என்னவோ சொன்னான். சாமியார் தலையை ஆட்டி மறுபடியும் அதையே தட்டினார். அப்புறம் தொபியாஸ் பக்கத்து நாற்காலியிடம் வாயசைக்க, பக்கத்து நாற்காலி அதற்கடுத்த நாற்காலியிடம் சாய, வரிசை நெடுக ஒரு முணுமுணுப்பு தீ பிடித்த திரி போல ஓடி வந்தது. வலதாம். வலதாம். வலதாம் வே. கயத்தானிடம் வந்து நின்றது, அவனுக்கு அப்பால் சொல்ல ஆள் இல்லை. நடந்தது இதுதான். குருத்து ஞாயிறன்று உபதேசியார் ஒத்திகை வைத்தபோது கீபோர்டு சத்தத்தில் ஒன்றும் கேட்காதென்று எல்லாவற்றையும் சைகையில் காட்டினார். இவர்களுக்கு எதிரே நின்று தன் வலது காலைத் தூக்கி, இது, என்று ஆட்டினார். பன்னிரண்டு பேரும் கண்ணாடி பார்த்து மீசை ஒதுக்குகிறவர்கள் போல அதற்கு நேர் எதிரே இருந்த காலைத் தூக்கினார்கள். அவரும் அதான், அதான் என்று தலையை ஆட்டினார். பன்னிரண்டு வீட்டில் பன்னிரண்டு பெண்டாட்டிமார் நாலு நாள் தேய்த்தது தப்புக் கால். தொபியாஸின் வலது கால் வெளியே வந்தபோது, கேளுங்கள், தண்ணீர் பட்டதும் குதிகால் வெடிப்புக்குள்ளிருந்து ஒரு சாவி விழுந்தது, போன ஐப்பசியில் காணாமல் போன டிரங்குப்பெட்டிச் சாவி. சாமியார் அதைத் துடைத்து அவன் கையில் கொடுத்தார். நம்பாதவர்கள் அந்தப் பெட்டி இப்போது திறந்திருக்கிறதா என்று போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

வலது. கயத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை. வலது என்றால் அந்தக் கால். அந்தக் காலென்றால் அதன் அடி, பெருவிரலுக்குக் கீழே, பிளாஸ்திரிக்குக் கீழே. முதல் ஆள் முடிந்தது, சாமியாரின் முட்டி சொடக்கியது, இரண்டாம் நாற்காலி. இன்னும் பத்துப் பேர் நடுவில் இருக்கிறார்கள், பத்துப் பேர் என்பது எவ்வளவு நேரம், ஒரு பாத்தி உப்பு வாருகிற நேரமா, ஒரு பீடி குடிக்கிற நேரமா. ஈரம் தெரிகிறதா. கீழே குனிந்து பார்த்தான், தரையில் ஒன்றும் இல்லை, சிமெண்டு தரை வெள்ளையாக இருந்தது, இல்லை, ஓரத்தில் என்னவோ மினுங்குகிறது, அது விளக்கு வெளிச்சம், விளக்கு வெளிச்சம்தான். பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, கசிகிறதா இல்லையா என்று. மற்றவனுக்கெல்லாம் கால் தானாகச் சொல்லும், இங்கே ஈரம், இங்கே சூடு, இங்கே முள் என்று. இது வாயை மூடிக்கொண்ட கால். சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் பாத்திக்குள் நின்று வாருபலகையை இழுத்துக்கொண்டிருந்தபோது தண்ணீரில் சிவப்பாக ஒரு நூல் ஓடியது, யார் ரத்தம் என்று நாலு பக்கமும் பார்த்தான், யாரும் பக்கத்தில் இல்லை. வரப்பில் உட்கார்ந்து காலைத் திருப்பினால் ஓட்டாஞ்சில்லு, விரல்கடை நீளம், கதவில் அடித்த ஆணி மாதிரி ஏறியிருந்தது. பிடுங்கினான். வலிக்கவில்லை. சரி, காய்ப்பு ஏறின தோல், வலிக்காது. மறுபடியும் உப்புத் தண்ணீரில் காலை வைத்தான். எரியவில்லை. அங்கேதான் நின்றுபோனான். கையில் சின்னக் கீறல் இருந்தாலே அந்தத் தண்ணீர் பட்டால் ஆம்பிளை அழுவான், எத்தனை தடவை அம்மா அம்மா என்று குதித்திருக்கிறான், உப்பு பட்டு எரியாத புண் எங்கேயாவது உண்டா. வெயில், தலைக்கு மேலே வெள்ளை, கீழே வெள்ளை, அவன் நடுவில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு எரியட்டும் எரியட்டும் என்று காத்திருந்தான். எரியவில்லை. அன்றையிலிருந்து அவன் யாரிடமும் சொல்லவில்லை. ரப்பர் பூட்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு கம்பெனியில் கொடுத்தான் என்றான். “நாப்பது வருசமாக் குடுக்காதவன் இப்ப எதுக்குக் குடுக்கான்?” என்று பிரகாசி கேட்டாள். புது மேனேஜர் என்றான். புது மேனேஜர் எப்படி இருப்பான் என்றாள். அதற்கும் ஒரு மூக்கும் மீசையும் வைத்துச் சொல்லவேண்டியதாகிவிட்டது.

நாலாவது நாற்காலி. சாமியார் துடைக்கிறார். துவாலை இப்போதே பழுப்பாகிவிட்டது. வியாகுலம் அண்ணனுக்கும் இப்படித்தான், பெருவிரலில்தான் ஆரம்பம். முதலில் விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதத்தை, அப்புறம் முட்டிவரை. அண்ணன் வாசல்படியில் உட்கார்ந்து இல்லாத காலில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பான். “லேய் கயத்தான், கட்டைவிரல் அரிக்குதுடா, கொஞ்சம் சொறிஞ்சு விடேன்.” எங்கே சொறிவது, கயத்தான் படிக்கல்லைச் சொறிந்தான், அண்ணன் “ஆங், அங்கதான்,” என்று கண்ணை மூடினான். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவன் இல்லை. பெட்டி குட்டையாகச் செய்தால் போதுமா என்று ஆசாரி கேட்டான், முழுசாகச் செய்யும் வே என்று கயத்தான் கத்தினான், ஏன் கத்தினோம் என்று இப்போதும் தெரியவில்லை, ஆசாரி பாவம், அளவு கேட்டான், அவ்வளவுதானே. சொன்னால் பிரகாசி ஆஸ்பத்திரிக்கு இழுப்பாள். இழுத்தால் விரல். விரல் என்றால் பாதம். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது, எங்கே தொட்டாலும் படிக்கட்டில் போய் உட்காருகிறது. சொல்லாமல் இருந்தால் அது தன்பாட்டில் ஆறலாம். ஆறியிருக்கிறதா. ஏழு வாரம் ஆயிற்று. நேற்று சாயங்காலம் பிளாஸ்திரியைப் பிரித்தபோது ஒரு வாசனை. மாதாவே. ஐந்தாவது நாற்காலி. இந்த வாசனை சாமியாருக்கு எட்டுமா, குனிந்து முத்தம் கொடுப்பாரே, மூக்கை நேரே அங்கேதானே கொண்டுவருவார். சாம்பிராணி நல்லாப் போடுங்கப்பா, பத்து வண்டி சாம்பிராணி போடுங்க.

செபம் பண்ணலாம். எதைச் செபிப்பது. கயத்தானுக்குச் செபம் தெரியாதென்று எந்தக் கோயில் தூணும் சாட்சி சொல்லாது. அறுபத்தொரு வருடத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறினது நாலே தடவை, அதில் இரண்டு புயல். மனப்பாடமாக எல்லாம் வரும், கருணை மன்றாட்டு முழுக்க, பிதாப்பிதாக்கள் பெயரெல்லாம் வரும். வரும், அவ்வளவுதான். வாயிலிருந்து வரும், மேலே போகும், என்ன ஆகிறதென்று யார் கண்டது. முதல் நன்மை, ஆண்டவரின் சரீரமென்று தருகிற அப்பம், அதை வாங்குகிற அன்றைக்கு மற்றப் பயல்கள் இனிக்கும்டா என்றார்கள். அவனுக்கு அப்பம் மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தான், ஆண்டவர் இறங்க மாட்டேன் என்று அங்கேயே இருந்தார், வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்த பிறகுதான் போனார். அன்றைக்கு ஆரம்பித்தது இந்தப் பயம், எல்லோருக்கும் உள்ளே போகிறார், எனக்கு மேல்வாயோடு சரி. சிலுவைப்பாதையில் பதினாலு ஸ்தலத்தில் மூன்றாவதுக்கே பிரகாசிக்குக் கண்ணீர் வந்துவிடும், முந்தானையைப் பிழியலாம். தொபியாஸைக் கேட்டால் போன தவக்காலத்தில் வானத்திலிருந்து சம்மனசு ஒன்று இறக்கையோடு வந்து அவன் கட்டில் காலைப் பிடித்து ஆட்டிற்று என்பான், அது பூனையாக இருக்கும், ஆனால் பூனையாவது வந்ததே. வேளாங்கண்ணிக்கு நடந்துபோனான், போகும்போதெல்லாம் இன்று வரும், நாளை வரும் என்று இருந்தான், கூட்டத்தில் செருப்புத்தான் போயிற்று. அவனிடம் ஒன்றும் பேசினதில்லை யாரும். உப்பளத்தில் மழை மாதிரி, பக்கத்து ஊரில் பெய்யும், இங்கே மேகம் மட்டும் போகும். நம்பவில்லையா என்றால் நம்புகிறான், அந்தமட்டும் சந்தேகமே இல்லை, அவர் இருக்கிறார், இவனைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சுரணை இல்லாத கால் ஏழு வாரமாக, சுரணை இல்லாத மனுஷன் ஐம்பது வருடமாக. அப்போஸ்தலராக உட்கார ஒப்புக்கொண்டபோது ஒரு ஆசை இருந்தது. சொல்ல வெட்கமாயிருக்கிறது. சாமியார் காலைத் தொடும்போதாவது என்னவாவது தெரியுமோ என்று. இடது காலில் இன்னும் கொஞ்சம் சுரணை இருக்கிறது, அதனால்தான் ஒத்திகையன்று அவ்வளவு சந்தோஷம், ஆண்டவரே பார்த்து இடது காலைக் கேட்கிறார் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் விசிலடித்தான். இப்போது வலதைக் கேட்கிறார். எனக்கென்று வந்தால் கழுவுகிறதைக்கூட எனக்குத் தெரியாத இடத்தில் கழுவுவார்.

எட்டாவது. பாட்டுக்காரப் பெண்கள் முதலடியை மறுபடியும் எடுத்தார்கள். பன்னிரண்டு பேருக்கு அளந்து வைத்திருந்த பாட்டு, அழுக்கு அளவுக்கு மீறிப்போனதால் போதவில்லை. பக்கத்துக் கதவு வலப்பக்கம் ஆறு எட்டு தூரம். எழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், வயிறு என்று ஒன்று எல்லோருக்கும் உண்டு. ஆறு எட்டு, அதிலும் ஊன்றி நடந்தால் ஐந்து. அப்படியே உப்பளத்து ரோட்டில் ஏறி, வீட்டில் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, நாளையிலிருந்து இந்தக் கோயிலுக்கே வராமல். வராமல் என்றால், ஆமாம், வராமல். எதற்கு வருவது, மேல்வாயில் ஒட்டிக்கொள்ளவா. தொடையில் கையை ஊன்றினான். எழுந்தால் ஊர் என்ன சொல்லும் என்பது அப்போதுதான் தோன்றியது. யூதாசு போறான் பாரு. அட. அவன் நாற்காலிதானே இது, அவனும் இப்படித்தான் பாதியில் எழுந்து போனான், வெளியே இருட்டாக இருந்தது என்று வாசிப்பார்களே. பாதியில் என்றால் எந்தப் பாதியில். கயத்தான் கை தொடையிலேயே நின்றது. அப்பத்தைத் தோய்த்து அவனிடம் கொடுத்தார், அப்புறம்தான் போனான். தோய்த்துக் கொடுத்தது எப்போது. சாப்பாட்டில். கால் கழுவினது. ஒன்பதாவது நாற்காலி. கால் கழுவினது அதற்கு முந்தி. முந்தியா, ஆமாம் முந்தித்தான், இப்போது சற்றுமுன் வாசித்தார்களே, எழுந்து துவாலையைக் கட்டினார், பாத்திரத்தில் தண்ணீர் வார்த்தார், அதற்கப்புறம் பேசினார், அதற்கப்புறம்தான் அப்பம். அப்படியென்றால் கழுவும்போது யூதாசு அங்கே இருந்தான். பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். அவன் காலையும் கழுவினார். இது எப்படி இத்தனை வருடம் தோன்றாமல் போயிற்று, அறுபது பெரிய வியாழனாகக் கேட்கிற வாசகம். தெரியாமல் கழுவினாரா, எல்லாம் தெரியும், முந்தியே தெரியும், காசுப் பை எங்கே இருக்கிறது, யாரிடம் பேசிவிட்டு வந்திருக்கிறான் என்று எல்லாம். பதினொன்று முடிந்ததும் தண்ணீர் தீர்ந்துபோயிற்று என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. அந்த நாற்காலிக்கும் முட்டி போட்டுக்கொண்டே நகர்ந்து வந்தார். விரல் விரலாகக் கழுவியிருப்பார். அந்தப் பயல் அப்போது எங்கே பார்த்தானோ, கூரையைப் பார்த்திருப்பான், தண்ணீர் தெரிந்ததோ தெரியவில்லையோ. அவனுக்குத் தெரியாவிட்டால் கழுவினது கழுவாததாகிவிடுமா. கதவுக்கு வெளியே வேப்பமரம் மங்கலாகிக்கொண்டிருந்தது. கயத்தான் தொடையிலிருந்து கையை எடுத்தான். பயம் போகவில்லை, அப்படியே இருந்தது, ஆனால் உட்கார்ந்திருந்தான்.

பக்கத்து நாற்காலியும் முடிந்தது. முட்டி சொடக்கவில்லை, சாமியார் எழுந்திருக்காமல் முழங்காலிலேயே நகர்ந்து வந்தார். பாட்டு நின்றுபோயிருந்தது, கீபோர்டுக்காரப் பெண் பக்கம் புரட்டித் தேடிக்கொண்டிருந்தாள். கயத்தான் இடது காலை நீட்டினான். தெரிந்தேதான் நீட்டினான். சாமியார் காத்திருந்தார். “இது வேண்டாம் சாமி,” என்று கயத்தான் வேட்டியைக் காட்டிக் கிசுகிசுத்தான், “மத்தது சுத்தமா இருக்கு.” சாமியார் நெற்றியில் வேர்வை, பதினொரு காலுக்குக் குனிந்த முதுகு. “சுத்தமா இருக்கத எதுக்கு ஐயா கழுவணும்?” என்றார். கேலியில்லை, களைத்துப்போய், நிஜமாகவே கேட்டார். நாற்காலிக்கு அடியிலிருந்து அந்தக் கால் வந்தது. பிளாஸ்திரி பாதி கழன்று தொங்கிற்று. உபதேசியார் செம்பை மூக்குக்கு நேரே தூக்கிக்கொண்டு, “சாமி, மேலாக ஊத்திட்டு விட்டுருவோம்,” என்றார். சாமியார் பிளாஸ்திரியைக் கழற்றிப் பாத்திரத்து ஓரத்தில் வைத்தார். புண்ணைப் பார்த்தார், பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தார். “வலிக்குதா?” கயத்தான் இல்லை என்று சொல்லி முடித்துக்கொள்ளத்தான் வாயைத் திறந்தான். இல்லை சாமி, அவ்வளவுதான், இரண்டு சொல். “இல்ல சாமி,” என்றான், வாய் மூடவில்லை. “வலிக்கல. உப்புத் தண்ணி பட்டும் எரியல. எனக்குப் பயமா இருக்கு சாமி.” எங்கேயிருந்து வந்தது அது. அவன் குரல்தான், ஆனால் சின்னப் பையன் குரல். பயமா இருக்கு. ஏழு வாரம், இல்லை ஐம்பது வருடம், பிதாப்பிதாக்கள் பெயரெல்லாம் சொன்ன வாய் இதைச் சொன்னதில்லை.

“ஊத்தும்,” என்றார் சாமியார். தண்ணீர் விழுந்தது. கயத்தானுக்குத் தெரியவில்லை. விழுகிறதைப் பார்த்தான், யாரோ ஒருத்தன் காலைக் கழுவுகிறதைப் பார்க்கிறவன் போல. சாமியார் பெருவிரலைத் தூக்கிப் புண்ணைச் சுற்றிக் கழுவினார், நகத்துக்கு உள்ளே கழுவினார், வெடிப்பில் இருந்த உப்பு கரைந்து தண்ணீர் கலங்கிற்று. அவசரப்படவில்லை. கழுவுகிறவரின் இடது கை கெண்டைக்காலைத் தாங்கியிருந்தது, கணுக்காலுக்கு மேலே நாலு விரல்கடை, செத்த கால் முடிந்து உயிருள்ள கால் ஆரம்பிக்கிற இடம், அந்த எல்லைக்குச் சற்று மேலே. அது தெரிந்தது. கையின் சூடு தெரிந்தது, ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தது, கட்டைவிரல் ஓரத்தில் காய்ப்பு. வேறொன்றும் நடக்கவில்லை. விளக்கு மினுங்கவில்லை, சம்மனசு வரவில்லை, பூனைகூட வரவில்லை. பாத்தியில் மடை திறந்தால் தண்ணீர் சத்தம் போடாது, போய்ப் பார்த்தால் நிறைந்திருக்கும், அப்படி ஒன்று. என்னவென்று தேடினான். பயம் அங்கேயேதான் இருந்தது, ஆனால் தனியாக இல்லை, யாரோ அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை. இப்போது வந்தவர் மாதிரித் தோன்றவில்லை. வரப்பில் அன்றைக்கு எரியட்டும் என்று ஒற்றைக் காலில் நின்றபோது பக்கத்தில் நின்றவர் மாதிரி இருந்தது, படிக்கட்டில் அண்ணனுக்குக் கல்லைச் சொறிந்தபோது அண்ணனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் மாதிரி. பேசமாட்டார் போலிருக்கிறது. பேசாமல் இருப்பதும் நன்றாகத்தான் இருந்தது. அவனும் பேசுகிறவன் இல்லையே. சாமியார் பாதத்தின் மேல் முத்தம் கொடுத்தார், மூச்சைப் பிடிக்காமல் கொடுத்தார். இடுப்புத் துவாலையை அவிழ்த்து, அதில் காய்ந்திருந்த முனையைத் தேடி எடுத்து, அந்தக் காலைச் சுற்றி வரிந்து கட்டினார். உபதேசியார், “சாமி, துவாலை,” என்றார். “இனி யாருக்கு வேணும்? இவருதான் கடைசி,” என்றார் சாமியார். முட்டி சொடக்கியது.

பூசை முடிந்து, நன்மையைப் பவனியாகக் கொண்டுபோய் வைத்து, பீடத்துத் துணியெல்லாம் எடுத்தான பிறகு, கயத்தான் துவாலைக் காலோடு வாசலுக்கு வந்தான். மறைக்கவில்லை. பிரகாசி வேப்பமரத்தடியில் இவன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். துவாலையைப் பார்த்தாள். “எத்தன நாளா?” என்றாள். “சாம்பல் புதனுக்கு முந்தியே.” “அந்தப் புது மேனேஜர்?” “அப்படி ஆளே இல்ல.” “மீசைய வச்சே நெனச்சேன்,” என்றாள். கொஞ்ச தூரம் நடந்தார்கள், அவள் தோளில் அவன் கை. “சனிக்கிழம காலையில முதல் பஸ்ல ஆஸ்பத்திரி,” என்றாள். “சரிட்டி.” அவன் சரி என்றது அவளை நிறுத்திவிட்டது, திரும்பி முகத்தைப் பார்த்தாள். “வெட்டுவாங்களோ என்னமோ,” என்றான். “ம்.” “பயமாத்தான் இருக்கு. ஆனா அவரு இருக்காருட்டி.” “யாரு, சாமியாரா?” “சாமியாரு இல்ல.” ஐம்பது வருடம் சிலுவைப்பாதையில் அழுதவள், அதற்குமேல் கேட்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “பாரத்தப் போட்டு நடங்க, நான் என்ன கீரத்தண்டா,” என்றாள். விரல் போயிற்றா, பாதம் போயிற்றா, இரண்டும் பிழைத்ததா என்று கேட்பீர்கள். அது டாக்டர்மார் சொல்லவேண்டிய கதை. நான் பார்த்தது அந்த ரோட்டில் அவன் விசிலடிக்காமல் போனதைத்தான்.

ஒன்றே ஒன்று பாக்கி. சாமியார் மேலுடுப்பைக் கழற்றினாரே தவிர, கழுத்தில் குத்தியிருந்த சின்ன மைக்கை அணைக்க மறந்துவிட்டார். கீச்சிடுமென்று பீடத்துப் பக்கத்து ஸ்பீக்கரை எப்போதும் நிறுத்தி வைப்பார்கள், அதனால் முன்னால் இருந்த பன்னிரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கோயிலின் பின்பாதியிலும், வாசலிலும், வேப்பமரத்தில் கட்டின ஸ்பீக்கர் குழாயிலும், பாட்டு நின்ற அந்த நேரத்தில், எனக்குப் பயமா இருக்கு சாமி என்று கயத்தான் சொன்னது கணீரென்று விழுந்தது. பிரகாசி கேட்டாள். சுண்டல் விற்கிறவன் கேட்டான், குரைத்துக்கொண்டிருந்த நாய் நிறுத்திவிட்டது. ஊர் முழுக்கக் கேட்டது. ஒருத்தர் வாயையும் யாரும் கட்டவில்லை, ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை, ஒரு ரகசியத்தை அடுத்த தெருவரை வைத்திருக்கத் தெரியாத சவேரியார்தோப்பு, இதை மட்டும் அவனிடம் சொன்னதில்லை. தொபியாஸ்கூடச் சொல்லவில்லை. அது தனக்கும் அவருக்கும் நடுவில் நடந்த பேச்சென்று கயத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான். அப்படியே இருக்கட்டும். நீங்களும் கேட்டுவிட்டீர்கள், இனி உங்களுக்கும் வாய் கிடையாது. அப்படியும் தாங்காமல் எங்கேயாவது விட்டுவிட்டால், காற்று சொல்லிற்று, நாய் சொல்லிற்று, என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். என் பெயரை மட்டும் எடுக்காதீர்கள், ஐயா. நான் அந்த ஊரிலேயே இருந்தாக வேண்டும்.